வெள்ளைப் பந்தோடு தனியாக ஒரு மணி நேரம்

சாயங்கால நேரத்தில் ஸ்நூக்கர் பார்லர்களில் க்யூ பிடிக்கும் தம்பிகளுக்கும், எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும் விடாமல் வந்து ஆடும் தங்கைகளுக்கும்,



உங்கள் பக்கத்து டேபிளில் ஆடுகிறவன் நான். கேட்காமல் சொல்கிற யோசனைக்கு மரியாதை கிடையாது என்று தெரியும். பாட் தப்பிய கையோடு ஒருவர் வந்து தோளைத் தட்டி “அப்படி இல்ல தம்பி” என்று ஆரம்பித்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அதனால் பார்லரில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, சொல்ல நினைத்ததையெல்லாம் இங்கே எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் பாதியில் விட்டுவிடலாம். யாருக்கும் மனவருத்தம் இல்லை.

பாட் தப்பியதும் உங்களில் முக்கால்வாசிப் பேர் சொல்வது ஒரே வாக்கியம்தான்: “ஆங்கிள் தப்பா பார்த்துட்டேன்.” சொல்லிவிட்டு டேபிளைச் சுற்றி வந்து, குனிந்து, ஒரு கண்ணை மூடி, போய்விட்ட அந்த ஆங்கிளை மறுபடி அளக்கிறீர்கள். கூட நிற்கும் நண்பரும் “இன்னும் கொஞ்சம் மெல்லிசா தொட்டிருக்கணும்டா” என்று ஒத்து ஊதுகிறார். நான் பார்த்த அளவில் அந்த ஆங்கிள் பெரும்பாலும் சரியாகவே இருந்தது. நீங்கள் பார்த்த இடத்துக்கு வெள்ளை போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான். பழி கண்ணுக்குப் போகிறது. தப்பு செய்த கை தப்பித்துக்கொள்கிறது.

நம்பிக்கை வராவிட்டால், ஆங்கிளே இல்லாத ஒரு ஷாட்டை வைத்துப் பாருங்கள். புளூ பந்தை அதன் ஸ்பாட்டில் வையுங்கள். பிளாக் பக்கத்து மூலைப் பாக்கெட், புளூ, வெள்ளை மூன்றும் ஒரே கோட்டில் வருமாறு வெள்ளையைக் கீழே, டி வரைந்திருக்கும் குறுக்குக்கோட்டின் மேல் வையுங்கள். அந்த இடம் டி-க்கு வெளியே பக்கத்துக் குஷன் பக்கமாக விழும், பயிற்சிதானே, பரவாயில்லை. இப்போது அடியுங்கள். கோடு நேராகக் கண்ணெதிரே கிடக்கிறது. கணக்குப் போட ஒன்றும் இல்லை. பத்து தடவை அடித்தால் எத்தனை உள்ளே போகிறது என்று எண்ணுங்கள். வெளியே நிற்கும் பந்துகளுக்கு ஆங்கிளைக் காரணம் சொல்ல முடியாது அல்லவா?

இந்த ஷாட் எவ்வளவு கறாரானது என்பதை ஒரு சின்னக் கணக்கில் சொல்லிவிடுகிறேன். ஸ்நூக்கர் பந்தின் விட்டம் 52.5 மில்லிமீட்டர். புளூ ஸ்பாட்டிலிருந்து மூலைப் பாக்கெட் ஏறத்தாழ 2 மீட்டர் தூரம். வெள்ளை வந்து சேரும் பாதை ஒரே ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் விலகினால், புளூ கிளம்பும் திசை ஒரு டிகிரிக்குக் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பிவிடும். அந்த ஒரு டிகிரி, 2 மீட்டர் போவதற்குள் கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டராக விரியும். பாக்கெட்டின் வாய் சுமார் மூன்றரை அங்குலம், அதாவது 9 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதில் பந்துக்கே ஐந்தேகால் சென்டிமீட்டர் வேண்டும். இரண்டு பக்கமும் மிஞ்சுவது 2 சென்டிமீட்டர்கூட இல்லை. ஆக, ஒரு மில்லிமீட்டர் விலகினாலே பந்து விளிம்பில் இடித்துக்கொண்டு நிற்கும். உங்களுக்குக் கிடைத்திருக்கும் சலுகை அரை மில்லிமீட்டர்.

அரை மில்லிமீட்டரைக் கண்ணால் பார்த்துத் திருத்த யாராலும் முடியாது. பார்த்த கோட்டில் க்யூவை நேராக அனுப்பக் கைக்குத்தான் பழக்க வேண்டும். கடிதத்தின் மொத்தச் சரக்கும் இதுதான். மீதி எல்லாம் அதை எப்படிப் பழக்குவது என்பது.

க்யூ நேராகப் போகிறதா என்று சோதிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. வேறு எந்தப் பந்தும் டேபிளில் வேண்டாம். வெள்ளையை பிரவுன் ஸ்பாட்டில் வையுங்கள். புளூ, பிங்க், பிளாக் ஸ்பாட்கள் மூன்றையும் கடந்து நேராக மேல் குஷனில் மோதி, அதே வழியே திரும்பி வந்து உங்கள் க்யூவின் டிப்பைத் தொட வேண்டும். அடித்த பிறகு க்யூவை அசைக்காமல் அங்கேயே நீட்டி வைத்திருங்கள். போய்வர ஐந்தரை மீட்டருக்கு மேல் பயணம். கேட்க எளிதாக இருக்கும். முதல் நாள் அடித்துப் பார்ப்பவர்கள் டேபிள் சாய்ந்திருக்கிறது என்று சத்தியம் செய்வார்கள்.

இந்தப் பயிற்சியின் சிறப்பு, அது உங்கள் தப்பைப் பிரித்துக் காட்டும் என்பது. வெள்ளை போகும்போதே ஸ்பாட்களை விட்டு விலகினால், நீங்கள் நின்ற கோடே தப்பு. உடம்பும் க்யூவும் ஒரு பக்கம் பார்த்திருக்கின்றன. போகும்போது மூன்று ஸ்பாட்டையும் ஒழுங்காகக் கடந்து, குஷனில் பட்டுத் திரும்பும்போது மட்டும் விலகினால் சங்கதி வேறு. பந்தின் நடுவில் அடித்ததாக நினைத்துப் பக்கத்தில் அடித்திருக்கிறீர்கள். வலப்பக்கம் பட்டிருந்தால் குஷனிலிருந்து வலப்பக்கமாக வரும். இடப்பக்கம் பட்டிருந்தால் இடப்பக்கமாக வரும். உங்களுக்கே தெரியாமல் ஒவ்வொரு ஷாட்டிலும் சைடு போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம். இந்தத் தெரியாத சைடுதான் பார்லர் ஆட்டத்தைப் பிடித்த பீடை. முதல் வகைத் தப்புக்குக் காலைப் பாருங்கள், இரண்டாம் வகைக்குக் கண்ணையும் முழங்கையையும் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஸ்நூக்கர் டேபிளின் துணிக்கு மயிர்வாக்கு உண்டு. டி பக்கத்திலிருந்து பிளாக் பக்கமாகப் படிந்திருக்கும். திரும்பி வரும் பந்து அந்த வாக்குக்கு எதிராக வருகிறது. ரொம்ப மெதுவாக அடித்தால் கடைசியில் துணியே பந்தைத் தள்ளிவிடும். குற்றம் உங்களுடையது அல்ல. அதற்காக வெறிகொண்டு அடிக்கவும் வேண்டாம். டிப்பைத் தொட்ட பிறகும் கொஞ்சம் ஓட மிச்சம் இருக்கும் வேகம் போதும்.

எங்கே பட்டது என்று கண்ணால் பார்க்க ஆசைப்பட்டால் அதற்கும் வழி உண்டு. பெரும்பாலான பார்லர்களில் பூல் டேபிளும் இருக்கும். அங்கிருந்து பட்டை போட்ட பந்து ஒன்றைக் கடன் வாங்கி, துடைத்து, பட்டை செங்குத்தாக நிற்கும்படி வையுங்கள். டிப்பில் சாக்கை நன்றாகத் தேய்த்துக்கொண்டு பட்டையின் நடுவைக் குறிவைத்து அடியுங்கள். பிறகு பந்தை எடுத்து சாக் தடத்தைத் தேடுங்கள். பூல் பந்து கொஞ்சம் பெரியது, கனமும் கூட. ஆனால் தடம் பொய் சொல்லாது. நடுவில் இருக்க வேண்டிய நீலப் புள்ளி பட்டையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் அப்புறம் நான் பேச வேண்டியதில்லை.

இனி உடம்புக்கு வருகிறேன். வலக்கைக்காரர்களை வைத்துச் சொல்கிறேன், இடக்கைக்காரர்கள் மாற்றிக்கொள்ளுங்கள். இடக்கை குறை என்று யாராவது சொன்னால், மார்க் வில்லியம்ஸ், நீல் ராபர்ட்சன், ஜட் டிரம்ப் ஆகிய மூன்று உலக சாம்பியன்களும் எந்தக் கையால் ஆடுகிறார்கள் என்று கேளுங்கள்.

உங்களில் பலர் முதலில் குனிந்துவிடுகிறீர்கள், பிறகு படுத்த நிலையில் க்யூவை இப்படியும் அப்படியும் நகர்த்திக் கோட்டைத் தேடுகிறீர்கள். இது தலைகீழ். கோட்டை நின்றபடியே பார்க்க வேண்டும். ஷாட்டுக்குப் பின்னால் இரண்டடி தள்ளி நின்று, வெள்ளை எந்தப் பாதையில் போக வேண்டுமோ அதை முடிவு செய்யுங்கள். பிறகு வலது கால் அந்தக் கோட்டின் மேல் விழ, தலை அந்தக் கோட்டின் மேலேயே இறங்க, க்யூ தானாக இடத்தில் வந்து படியும். குனிந்த பிறகு கோடு சரியில்லை என்று தோன்றினால், கையை மட்டும் நகர்த்திச் சமாளிக்காதீர்கள். எழுந்துவிடுங்கள். மறுபடி பின்னால் போய் நின்று இறங்குங்கள். டி.வி.யில் பெரிய ஆட்டக்காரர்கள் குனிந்து, எழுந்து, சாக் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். சும்மா ஸ்டைலுக்கு இல்லை அது.

முன்கையை, அதாவது பிரிட்ஜ் போடும் கையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விரல்களை நன்றாக விரித்து, நுனிகளால் துணியைப் பிடித்து, கட்டைவிரலைத் தூக்கி ஒரு பள்ளம் செய்யுங்கள். அது ஆடக் கூடாது. அவ்வளவே.

பின்கைதான் விஷயம். டிப் வெள்ளைக்குப் பக்கத்தில் நிற்கும்போது முழங்கையிலிருந்து கீழே உள்ள கை நேராகத் தொங்க வேண்டும். நண்பரைப் பக்கவாட்டில் நிறுத்தி ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். க்யூவை ரொம்ப முன்னால் பிடித்தவர்களுக்கு அந்தக் கை முன்னால் சாய்ந்திருக்கும். அடிக்கட்டையின் கடைசி முனையைப் பிடித்தவர்களுக்குப் பின்னால் சாய்ந்திருக்கும். இரண்டிலும் டிப் பந்தைத் தொடும் நேரத்தில் க்யூ மேலேயோ கீழேயோ போய்க்கொண்டிருக்கும். ஸ்க்ரூ அடிக்கப் போய் ஸ்டன் ஆகிவிட்டது என்று புலம்புகிறீர்களே, அதற்குப் பாதிக் காரணம் இது. அதே நண்பரை இப்போது உங்களுக்குப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். முழங்கையும் மணிக்கட்டும் க்யூவும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா? முழங்கை வெளியே தள்ளிக்கொண்டிருந்தால் க்யூ உடம்பை நோக்கி உள்ளே இழுபடும். எவ்வளவு துல்லியமாகக் குறி பார்த்தாலும் அந்த இழுப்பு அதைக் கெடுத்துவிடும்.

பிடி தளர்வாக இருக்கட்டும். தளர்வு என்றால் கைவிட்டு நழுவும் தளர்வு இல்லை. க்யூவின் கனத்தைத் தாங்கும் அளவு. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் பிடித்திருக்க, க்யூ பின்னே போகும்போது கடைசி இரண்டு விரலும் தானே திறந்து, முன்னே வரும்போது மூட வேண்டும். ஃபிரேம் பால் வரும்போது உங்கள் கையைக் கவனித்திருக்கிறேன்: விரல் முட்டிகள் வெளுத்துப்போகின்றன. முட்டி வெளுத்தால் முழங்கைக்குக் கீழே உள்ள தசை இறுகும், இறுகினால் க்யூ பின்னே போகும்போது அடிக்கட்டை மேலே கிளம்பும், அப்புறம் நேர்க்கோட்டுக்கு வழியே இல்லை. அந்தப் பந்து எளிதாகத்தான் இருந்தது. பதற்றம் மனசிலிருந்து பந்துக்குப் போவது விரல்கள் வழியாக என்பதை மறக்காதீர்கள்.

கேரம் ஆடிப் பழகி வந்தவர்கள் நம்மிடையே அதிகம். மரிய இருதயம் மாதிரி உலக சாம்பியனைக் கொடுத்த ஊர் சென்னை; கேரம் போர்டு இல்லாத தெருவே கிடையாது. அந்தப் பழக்கம் ஆங்கிள் பார்ப்பதற்கு நல்ல அஸ்திவாரம். ஆனால் கைக்கு அது வேறு பாடம் சொல்லிக் கொடுத்திருக்கிறது. கேரமில் விரல் ஸ்ட்ரைக்கரைச் சுண்டிவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. அந்தச் சுண்டல் க்யூவிலும் வந்துவிடுகிறது: பந்தைத் தொட்டதும் மணிக்கட்டு ஒரு வெட்டு வெட்டி க்யூ நின்றுவிடும், சிலருக்குப் பின்னாலும் போய்விடும். ஸ்நூக்கரில் க்யூ பந்து இருந்த இடத்தைக் கடந்து போக வேண்டும். அடித்து முடித்த பின் டிப் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வெள்ளை இருந்த இடத்துக்கு முன்னால் நாலைந்து அங்குலம் தாண்டி, குறிவைத்த கோட்டிலேயே நிற்கிறதா? ஆமென்றால் கை சரியாகப் போயிருக்கிறது, பாட் தப்பியிருந்தாலும் கவலை இல்லை. ஸ்டன்னுக்கும் குட்டி ஷாட்டுக்கும் தூரம் குறையும். கோடு மாறக் கூடாது.

அடிப்பதற்கு முன் க்யூவை முன்னும் பின்னும் அசைக்கிறீர்களே, ஃபெதர் பண்ணுவது, அதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். சிலர் இரண்டு அசைவு, சிலர் ஏழெட்டு. எத்தனை என்பது உங்கள் இஷ்டம், எல்லா ஷாட்டுக்கும் ஒரே மாதிரி இருந்தால் சரி. கடைசி அசைவில் டிப்பை வெள்ளையின் அருகே ஒரு கணம் நிறுத்துங்கள். அது சரியான இடத்தைப் பார்க்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பிறகு நிதானமாகப் பின்னே இழுங்கள். பின்கோடியில் இன்னொரு சின்ன நிறுத்தம். இங்கேதான் கண் வெள்ளையை விட்டு எதிரே உள்ள பந்துக்கு மாற வேண்டும். அடிக்கும் நொடியில் கண் பாட் செய்ய வேண்டிய பந்தின் மேல் இருக்கட்டும். பின்னே இழுப்பதில் அவசரம் காட்டுகிறவர்களை நான் இன்னும் நல்ல ஆட்டக்காரர்களாகப் பார்த்ததில்லை. விதிவிலக்கு இருக்கலாம், நம் பார்லர்களில் இல்லை.

அப்புறம், எழுந்திருக்காதீர்கள். பந்து விழுந்த சத்தம் கேட்கிறவரை தலை அசையக் கூடாது. அலெக்ஸ் ஹிக்கின்ஸ் அடிக்கும்போதே துள்ளி எழுவார், 1972-லும் 1982-லும் உலகப் பட்டம் வென்றார் என்று ஒரு தம்பி வாதாடுவது காதில் விழுந்தது. உண்மைதான். ஹிக்கின்ஸ் மாதிரி துள்ளிய ஆயிரக்கணக்கானவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

இதைச் சொன்னதும் நியாயமான கேள்வி ஒன்று வரும். எல்லாருக்கும் ஒரே முறை என்று இருக்கிறதா? இல்லை. 1927-லிருந்து 1946 வரை உலகப் பட்டத்தை 15 தடவை வென்று, ஒரு தடவைகூட விட்டுக்கொடுக்காத ஜோ டேவிஸுக்கு வலது கண்ணில் பார்வை மட்டு. க்யூவை இடது கண்ணுக்கு நேர் கீழே வைத்து ஆடினார். தாடையின் நடுவில்தான் க்யூ உரச வேண்டும் என்று அவரை யாராவது வற்புறுத்தியிருந்தால் ஸ்நூக்கர் சரித்திரமே வேறு மாதிரி போயிருக்கும். அவர் எழுதிய புத்தகத்தை வைத்துக்கொண்டு பில் டேவிஸ் என்ற தகப்பனார் தன் மகனுக்குச் சொல்லிக் கொடுத்தார். அந்தப் பையன்தான் 1980-களில் ஆறு முறை உலக சாம்பியனான ஸ்டீவ் டேவிஸ். ஜோவுக்கும் இவருக்கும் உறவு கிடையாது, பெயர் மட்டும் ஒன்று. ஜட் டிரம்ப் க்யூவைப் பின்னே இழுக்கும்போது அது நேராகப் போவதில்லை. எந்தப் பாடப்புத்தகமும் ஒப்புக்கொள்ளாத இழுப்பு. 2019-ல் அவரும் உலக சாம்பியன். ஆகவே உங்கள் கண்ணுக்கும் தோளுக்கும் ஏற்றபடி க்யூ கொஞ்சம் வலமோ இடமோ வரலாம். அதை அடித்துப் பார்த்து நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். மாறக் கூடாதது ஒன்றே: பந்தைத் தொடும் நேரத்தில் க்யூ கோட்டில் இருக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும்.

வயதாகிவிட்டது, இனி மாற்ற முடியாது என்கிறவர்களுக்கு மார்க் வில்லியம்ஸைச் சொல்வேன். 2000-லும் 2003-லும் உலகப் பட்டம் வென்றவர், அப்புறம் சரிந்தார். நாற்பதைத் தாண்டிய பிறகு ஸ்டீவ் ஃபீனி என்ற பயிற்சியாளரிடம் போய், ஷாட்டுக்கு எப்படி நிற்பது, கோட்டை எப்படிப் பார்ப்பது என்று ஆரம்பப் பாடத்திலிருந்து மாற்றிக்கொண்டார். 2018-ல், பதினைந்து வருஷ இடைவெளிக்குப் பிறகு, 43 வயதில் மூன்றாவது பட்டம். இதற்கு மறுபக்கம் ஸ்டீபன் ஹென்ட்ரி. ஏழு உலகப் பட்டம் வென்ற அவர், க்யூவைப் பந்தின் ஊடே நேராக அனுப்பும் நம்பிக்கை தன்னைவிட்டுப் போய்விட்டதை வெளிப்படையாகவே பேசியிருக்கிறார். 2012-ல் கிரூசிபிள் அரங்கில் ஒரு 147 அடித்து, அதே போட்டியோடு ஓய்வும் பெற்றார். வந்தது தங்கும் என்று நினைக்க வேண்டாம், சாம்பியனுக்கே தங்கவில்லை.

சைடு விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே பேசுகிறேன். தெரியாமல் விழும் சைடைப் பற்றி மேலே சொன்னேன். தெரிந்தே போடும் சைடு இன்னொரு வியாதி. நேரே ஸ்டன் அடித்தால் பொசிஷன் கிடைக்கிற இடத்திலும் உங்களுக்கு சைடு வேண்டியிருக்கிறது. சைடு போட்டதும் வெள்ளை க்யூ பார்த்த திசையில் கிளம்பாது. எதிர்ப்பக்கம் சற்று ஒதுங்கிக் கிளம்பும். க்யூவின் அடிக்கட்டை தூக்கியிருந்தால் போகப் போகத் திரும்பி வளையும். துணி பழசா புதுசா, பந்து அழுக்கா சுத்தமா என்பதைப் பொறுத்து இதெல்லாம் மாறும். பந்தின் நடுவையே அரை மில்லிமீட்டர் துல்லியத்தில் அடிக்க முடியாதவர்கள் இத்தனை குழப்பத்தையும் சேர்த்துத் தலையில் கட்டிக்கொள்வது எதற்கு? ஒரு மாதம் சைடை அடியோடு விடுங்கள். மேல், நடு, கீழ் என்ற மூன்று உயரங்களை மட்டும் வைத்து ஆடுங்கள். ஃபாலோ, ஸ்டன், ஸ்க்ரூ மூன்றிலும் வேகத்தை மாற்றினாலே வெள்ளை போகக்கூடிய இடங்கள் எத்தனை என்று பார்த்து ஆச்சரியப்படுவீர்கள்.

நம் ஊரின் ஈரக்காற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பெரிய போட்டிகளில் டேபிளின் சிலேட் பலகைக்கு அடியில் சூடேற்றி வைத்திருப்பார்கள். துணியில் ஈரம் தங்காது, பந்து வழுக்கிக்கொண்டு ஓடும். இங்கே இரவு ஏ.சி.யை அணைத்ததும் கடற்காற்று துணியில் ஏறிவிடுகிறது. கனத்த துணியில் பந்து ஓடாது. உடனே எல்லாரும் பலம் போட்டு அடிக்கிறார்கள். பலம் தோளிலிருந்து வருகிறது, தோள் அசைந்தால் தலை அசைகிறது, தலை அசைந்தால் கோடு போயிற்று. டி.வி.யில் மெல்லத் தட்டியே டேபிளைச் சுற்றவைக்கிற ஆட்டக்காரரைப் பார்த்துவிட்டு உங்கள் பார்லர் துணியில் அதே ஷாட்டை முயற்சி செய்யாதீர்கள். தப்பு உங்களிடம் மட்டும் இல்லை. பந்து ஓடுகிற அளவுக்குள் திட்டம் போடுங்கள்.

சாமான்களைப் பற்றிச் சுருக்கமாக. பார்லர் ஸ்டாண்டில் இருக்கும் க்யூவை எடுத்ததும் டேபிளில் உருட்டிப் பாருங்கள், நுனி குதித்தால் திருப்பி வைத்துவிடுங்கள். முடிந்தால் சொந்தமாக ஒரு க்யூ வாங்குங்கள். ஆஷ் மரமா மேப்பிளா என்று சண்டை போட வேண்டியதில்லை. நேராக இருந்து, டிப் 9.5 மில்லிமீட்டர் சுமாருக்கு இருந்தால் போதும். வாங்கியபின் மாற்றாதீர்கள். டிப் தட்டையாகிப் பளபளத்தால் சாக் ஒட்டாது. லேசாக உரசி மேலே வளைவாக வைத்துக்கொள்ளுங்கள். க்யூவுக்கு ஆகும் செலவை யோசிக்கிறவர்கள் டிப்பையாவது கவனியுங்கள், பந்தைத் தொடுவது அதுதான்.

செல்போனில் ஸ்லோமோஷன் எடுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம். எதிர்க் குஷனில் போனைச் சாய்த்து வைத்து, பந்து மட்டத்தில் உங்களை நோக்கிப் பிடிக்கட்டும். க்யூ எப்போது கோட்டைவிட்டு விலகுகிறது என்று தெரியும். ஒரு தடவைக்கு ஒரு தப்பைத் திருத்துங்கள், போதும். காணொளிகளில் ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். திங்கட்கிழமை ஒரு நிலை, செவ்வாய்க்கிழமை வேறு நிலை என்று மாற்றிக்கொண்டிருந்தால் கை எதைத்தான் பழகும்? இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஃபிரேம் ஆடும்போது முழங்கையைப் பற்றி நினைக்கக் கூடாது. அங்கே நினைக்க வேண்டியது பந்தை மட்டும்.

முந்தைய காலத்து கிளப்புகளில் மார்க்கர் என்று ஒருவர் இருப்பார். ஸ்கோர் குறிப்பது, துணியைத் துலக்குவது அவர் வேலை. ஆனால் தினம் பொழுதுக்கும் டேபிள் பக்கத்திலேயே நின்றதால் யாருடைய கை எப்படிப் போகிறது என்று அவருக்கு அத்துப்படி. எத்தனையோ பேருக்கு முதல் ஆசான் அவர்தான். 1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லேன் என்ற ராணுவ அதிகாரி தொடங்கிவைத்த இந்த ஆட்டத்துக்கு விதிகள் எழுதி மாட்டப்பட்டதே நம் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்தான். அப்படிப்பட்ட இடங்களிலிருந்து ஆட்டம் இறங்கி நம் தெருவுக்கு வந்தது ரொம்ப நல்ல காரியம். கோட்டும் சிபாரிசும் இல்லாமல் இன்று யாரும் க்யூ எடுக்கலாம். வருகிற வழியில் மார்க்கர் மட்டும் காணாமல் போனார். பார்லரில் இருக்கிற பையன் டைம் குறிக்கிறார், பில் போடுகிறார். உங்கள் கையைப் பார்க்க ஆள் இல்லை.

போதாக்குறைக்குப் பணம். மணிக்கணக்கில் டேபிள் வாடகை, தோற்றவர் கட்ட வேண்டும் என்று ஏற்பாடு. நாலு பேர் பங்கு போட்டு ஆடும்போது ஒருவர் தனியாக வெள்ளைப் பந்தை மேலும் கீழும் அனுப்பிக்கொண்டிருந்தால் யார் பொறுப்பார்கள்? அதனால் வந்ததும் பதினைந்து சிவப்பையும் அடுக்கிவிடுகிறீர்கள். வருஷக்கணக்கில் ஆடியும், ஆரம்பத்தில் இருந்த அதே கைப்பழக்கம் இன்னும் கெட்டிப்பட்டு நிற்கிறது. ஆட்டம் எவ்வளவு ஆடினாலும் கை திருந்தாது, தம்பிகளே. பயிற்சி வேறு, ஆட்டம் வேறு.

தங்கைகளுக்குத் தனியாக ஒரு சேதி. 2025 நவம்பரில் தோஹாவில் உலக மகளிர் ஸ்நூக்கர் பட்டத்தை வென்ற அனுபமா ராமச்சந்திரன் நம் சென்னைப் பெண். பார்லரா என்று வீட்டில் முகம் சுளித்தால் அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

கடைசியாக என் வேண்டுகோள். பெரும்பாலான பார்லர்கள் காலையில் காற்று வாங்குகின்றன. முதலாளியிடம் போய், தனியாகப் பயிற்சி செய்ய அந்த நேரத்துக்கு வாடகையைக் குறைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து கேட்டால் மறுப்பது கஷ்டம்; சும்மா கிடக்கிற டேபிளால் அவருக்கும் லாபமில்லை. வாரத்தில் ஒரு மணி நேரம் கிடைத்தாலும் போதும். முதல் பாதி பிரவுன் ஸ்பாட்டிலிருந்து வெள்ளை மட்டும், மறுபாதி நான் மேலே சொன்ன நேர் புளூ. இரண்டு பேராக வந்தால் ஒருவர் அடிக்கட்டும், இன்னொருவர் பின்னால் நின்று முழங்கையைப் பார்க்கட்டும். அடுத்த மாதம் ஏதாவது ஒரு காலையில் நானும் வருகிறேன். அப்போது நீங்கள் கேட்டால் மட்டும் வாயைத் திறப்பேன்.

அன்புடன்,
பக்கத்து டேபிள்காரன்